‘இளமை ஊசி’ என்று விற்கப்படும் பெப்டைடு குப்பிகள்: ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் கவனத்திற்கு

ஓசூர்ப் பக்கம் ‘செல் புதுப்பிப்பு சிகிச்சை’ என்றும் ‘இளமை ஊசி’ என்றும் சொல்லி, செயற்கைப் பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு போன்ற பொருள்) ஊசிகளைச் சிலர் விற்று வருகிறார்கள். காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் தாய்மாமா அப்படி ஓர் இடத்தில் 78,000 ரூபாய் கட்டினார். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டதன் விளைவாக, அடிவயிற்றில் சீழ்க்கட்டியும் குளிர்காய்ச்சலுமாக அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். புகார் விசாரணையில் இருப்பதால் அந்த நிலையத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட முறை வேறு இடங்களிலும் இதே வடிவில் வரக்கூடும் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

மாமாவுக்கு வயது 67. முழங்கால் வலியும் அசதியும்தான் அவருடைய தொல்லை. மாங்காய் சீசன் முடிந்து கூழ் ஆலையிலிருந்து பணம் கைக்கு வந்த நேரத்தில், தெரிந்தவர் ஒருவர் சொல்லி அங்கே போயிருக்கிறார். வெள்ளைக் கோட்டு அணிந்திருந்த ஒருவர், தம்மை மருத்துவர் என்று சொல்லாமலும் இல்லையென்று மறுக்காமலும், “ஐயா, இது 2009இல் நோபல் பரிசு வாங்கிய மருந்து, உங்கள் செல்லுக்கே வயது குறையும்” என்று கூறியிருக்கிறார். அவர் விற்ற பொருளின் பெயர் எபிடலான்.

2009ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரெய்டர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது உண்மை. குரோமோசோம்களின் முனைகளில் காப்பாக இருக்கும் டெலோமியர் பற்றியும், அதை நீட்டிக்கும் டெலோமரேஸ் என்ற நொதியைப் பற்றியும் அவர்கள் கண்டறிந்ததற்காக அது கொடுக்கப்பட்டது. எந்த ஊசி மருந்துக்கும் அந்தப் பரிசில் பங்கில்லை. எபிடலான் என்பது நான்கே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாதிமிர் கவின்சன் என்பவரின் குழுவினர் அதை உருவாக்கினார்கள். ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களில் அது டெலோமரேஸைத் தூண்டியதாக 2003இல் அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணாடித் தட்டில் வளரும் செல்லில் கண்டதற்கும் ஒரு முதியவரின் உடலில் நடப்பதற்கும் இடையே மருந்தியலில் நெடுந்தொலைவு உண்டு. அந்தத் தொலைவைக் கடந்து, மனிதரின் ஆயுள் கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் தனித்தனியே உறுதி செய்த பெரிய ஆய்வு எதுவும் எபிடலானுக்கு இல்லை. இந்தியாவில் அதை மருந்தாக விற்க அனுமதியும் இல்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023இல், மருந்துக் கடைகளில் தயாரித்துக் கொடுப்பதற்குப் பாதுகாப்பு ஐயம் உள்ள பொருட்களின் வரிசையில் அதைச் சேர்த்தது.

என்னை மிகவும் கொதிக்க வைத்தது வேறொன்று. மாமா நெடுங்காலம் வெற்றிலை பாக்கு போட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றை அறுத்து எடுத்திருக்கிறார்கள். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய 85 முதல் 90 விழுக்காட்டில் டெலோமரேஸ் விழித்துக்கொண்டுதான் செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. அந்த நொதியைத் தூண்டும் என்று தாங்களே விளம்பரம் செய்யும் ஊசியைக் கொடுப்பவர்கள், முன்பு புற்று வந்ததுண்டா என்ற ஒரே ஒரு கேள்வியைக்கூட அவரிடம் கேட்கவில்லை. தலைமுடி எப்போது கொட்டத் தொடங்கியது என்று கேட்டிருக்கிறார்கள்.

மாமா மருத்துவமனையில் இருந்தபோது, பயிற்சி மருத்துவர் கேட்டதற்காக ஃபிரிட்ஜிலிருந்து குப்பிகளை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் அளவுக் குப்பி, அடியில் வெண்பொடி, மேலே நிலையத்தின் பெயரும் ‘செல் வைட்டல்’ என்ற சொல்லும் அச்சிட்ட தங்கநிற ஸ்டிக்கர். ஈரத்தில் ஒரு மூலை எழும்பியிருந்தது. அதை உரித்தபோது அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. அதில் பொடி எழுத்தில், ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். தயாரிப்பாளர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. தயாரித்தவன் எழுதிய எச்சரிக்கையைத் தெரிந்தே மறைத்து விற்றிருக்கிறார்கள்.

மாமா கேட்டபோது அவர்கள் காட்டிய 99 விழுக்காடு தூய்மைச் சான்றிதழையும் நான் வாங்கிப் பார்த்தேன். அந்தத் தாள் உண்மையானதாகவே இருந்தாலும், பொடியில் பெப்டைடு எவ்வளவு, பிற வேதிப்பொருள் எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்லும். குப்பிக்குள் கிருமி இருக்கிறதா, பாக்டீரியா விட்டுச்செல்லும் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறதா என்பதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. தோலுக்குள் செலுத்தும் எந்த மருந்துக்கும் அவைதாம் முதன்மை. அவற்றைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

அளவு விஷயத்தில் நடந்தது இன்னும் மோசம். 10 மில்லிகிராம் பொடியை 2 மில்லி நீரில் கரைத்து, தினமும் இன்சுலின் சிரிஞ்சில் 20 யூனிட் போடுமாறு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் பரவலாகப் புழங்குவது ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று கோடிட்ட சிரிஞ்சு. அதில் 20 யூனிட் என்றால் 0.2 மில்லி, அதாவது 1 மில்லிகிராம். நம் ஊர் மருந்துக் கடையில் சிவப்பு மூடியோடு கிடைப்பதோ ஒரு மில்லிக்கு 40 யூனிட் சிரிஞ்சு. மாமா அதைத்தான் வாங்கினார். அதில் 20 யூனிட் என்பது 0.5 மில்லி, ஆகவே ஒவ்வொரு நாளும் அவர்கள் நினைத்த அளவைப் போல் இரண்டரை மடங்கு அவர் உடலுக்குள் போயிருக்கிறது. எங்கிருந்தோ ஒரு குறிப்பை எடுத்து அப்படியே தமிழில் எழுதியவருக்கு இந்த வேறுபாடே தெரிந்திருக்கவில்லை.

பெப்டைடு என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். சர்க்கரை நோய்க்கு இன்று தரப்படும் செமாகுளுடைடும் பெப்டைடுதான். அவை மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு, உரிமம் பெற்று, தொகுதி எண்ணோடு வருபவை. முதுமை பற்றிய ஆராய்ச்சியும் மதிப்புள்ளது, அது நடக்க வேண்டும். ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்குவார்கள், ஆபத்தைச் சொல்வார்கள், மருந்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் அங்கிருந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர்கள் நீட்டிய ரசீதில் ‘நலவாழ்வு ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டுமே இருந்தது. மருந்து விற்றதற்கான அடையாளமே அதில் இல்லை. ஊசியை நாங்கள் போடவில்லை, அவரே வீட்டில் போட்டுக்கொண்டார் என்றும் சொன்னார்கள். மருந்து விற்பவர், மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றோடு பில் தர வேண்டும். அப்படிப்பட்ட பில் கிடைக்காத இடத்தில் ஊசி மருந்து எதையும் வாங்காதீர்கள்.

மாமா இப்போது தேறி வருகிறார். கட்டியை அறுத்துச் சீழை எடுத்த இடம் ஆறிக்கொண்டிருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர் அலுவலகத்திலும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான நுகர்வோர் வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நடந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தால் ஏற்பட்ட பக்க விளைவைத் தெரிவிப்பதற்குத் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

இதே வகைக் குப்பிகளை வாங்கியவர்கள் நம் பக்கத்தில் இன்னும் பலர் இருக்கக்கூடும். போடுவதை உடனே நிறுத்தி, ஊசி போட்ட இடத்தில் வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் குப்பியோடு போய்க் காட்டுங்கள். மிச்சமிருக்கும் குப்பிகளைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிட வேண்டாம். திறக்காத ஒன்றையாவது ஃபிரிட்ஜில் வைத்து, ரசீதையும் அளவு எழுதிய தாளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அதனோடு சேர்த்து எடுத்து வையுங்கள். ஆய்வாளர் எங்களிடம் முதலில் கேட்டவை அவைதாம்.