செயின்ட் தாமஸில் ஒரு பகல்: கப்பலின் பெரிய கேட்டமரானா, ஆறு பேர் பாய்மரப் படகா?

ஃபுளோரிடாவிலிருந்து கிழக்குக் கரீபியன் குரூஸ் எடுத்தால் பெரும்பாலும் யு.எஸ். விர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ் ஒரு நிறுத்தமாக வந்துவிடும். காலையில் இறக்கிவிட்டு, மாலை ஐந்து மணிவாக்கில் ஏறிக்கொள்ளச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் கடலில் இறங்கி மீன், ஆமை பார்க்க வேண்டும் என்றால் மூன்று வழி இருக்கிறது. கப்பல் கம்பெனியே விற்கிற பெரிய கேட்டமரான், அதாவது இரட்டை உடல் படகு டூர் ஒன்று. நாமே ஒரு கேப்டனிடம் பேசி எடுக்கிற சின்னப் பாய்மரப் படகு இன்னொன்று. பாயும் வேண்டாம் மரமும் வேண்டாம் என்று ஃபெரி பிடித்து செயின்ட் ஜான் தீவுக்குப் போய்க் கரையிலிருந்தே தண்ணீரில் இறங்குவது மூன்றாவது. போன ஜனவரியில் நாங்கள் எடுத்தது இரண்டாவது. இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலை, சாப்பாடு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கப்பல் டூர் ஆளுக்கு நூற்றுச் சொச்சம் டாலர். சின்னப் படகில் நாலு பேர் மட்டும் போனால் அதைவிடக் கூட வரும், ஆறு பேர் சேர்ந்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். இரண்டிலும் டிப்ஸ் தனி. சைவம் என்றால் பெரிய படகில் சிப்ஸும் பழமும்தான் கிடைக்கும். சின்னப் படகில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஏதாவது செய்து தருவார்கள், அல்லது நீங்களே கட்டிக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டம்மா கப்பல் பஃபேயிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்ற விதிக்குப் பயந்து, ஊரிலிருந்தே கொண்டுவந்த தட்டையும் முறுக்கும் எடுத்துவந்தார். கேப்டன்தான் அதிகம் சாப்பிட்டார்.

பெரிய கேட்டமரானுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு உடல் உள்ள படகு என்பதால் பாயில் காற்று பிடித்தாலும் அதிகம் சாயாது. வயதானவர்கள், முட்டிவலி உள்ளவர்கள், பஸ்ஸில் ஊட்டி ஏறினாலே வாந்தி எடுப்பவர்கள் எல்லாருக்கும் அது நல்லது. கழிப்பறை வசதி ஒழுங்காக இருக்கும், நிழல் இருக்கும், நீருக்குள் இறங்க அகலமான படிக்கட்டு இருக்கும். கப்பல் அந்தத் துறைமுகத்தில் நிற்காமலே போய்விட்டால் பணம் தானாகத் திரும்பி வரும். டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி பொதுவாக, கோஸ்ட் கார்டு என்கிற கடலோரக் காவல் படை பரிசோதித்துச் சான்றிதழ் தராத சிறு வாடகைப் படகில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. நிறையப் பேரை ஏற்றினால் படகுக்கே பரிசோதனை கட்டாயம். ஆகவே பெரிய படகு பரிசோதிக்கப்பட்ட படகு. சின்னப் படகில் கேப்டனுக்கு கோஸ்ட் கார்டு லைசென்ஸ் இருக்கும், படகுக்கு அந்த அளவு சோதனை கிடையாது. லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் சின்னப் படகு என்றால், காரணம் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரில் இறங்கிய பிறகு நம்மை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தவர்களும் என்னைப் போலக் கிணற்றில் கற்றவர்கள். குதிப்போம், கையைக் காலை அடிப்போம், சுவரைப் பிடித்துக்கொள்வோம். பிடிக்கச் சுவரே இல்லாத இடத்தில், முகத்தை நீருக்குள் வைத்து, வாயில் கவ்விய ஸ்நோர்க்கல் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, அசையாமல் மிதக்க வேண்டும் என்பது வேறு வித்தை. முதல் ஐந்து நிமிடம் எல்லாருக்குமே பதற்றம் வரும். அந்த ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்தால் அன்று முழுக்க ஸ்நோர்க்கலிங், இல்லாவிட்டால் படகில் உட்கார்ந்து ரம் பஞ்ச்.

முன்பு வேறொரு தீவில் பெரிய கேட்டமரானில் போயிருக்கிறோம். ஐம்பது பேருக்குப் பக்கம் ஏறியிருந்தார்கள். ஊதிக்கொள்கிற மஞ்சள் வெஸ்ட்டை எல்லார் கழுத்திலும் மாட்டி, விதிமுறைகளை ஒலிபெருக்கியில் ஒரு முறை சொல்லி, வரிசையாக இறக்கினார்கள். நீரில் பணியாளர் இருவர். அவர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு ஜோடிக் கண் ஐம்பது தலையை எண்ணிக்கொண்டிருக்கும்போது, ஒருத்திக்குக் கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்கில் தண்ணீர் ஏறுகிறது என்பதைக் கவனிக்க முடியாது. அவர்கள் பார்ப்பது யாராவது மூழ்குகிறார்களா என்பதைத்தான். என் மனைவி ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்தார், ஏணியைப் பிடித்தார், மேலே வந்தார். அதோடு சரி. ஐம்பது பேரும் காலில் ஃபின்ஸ் என்கிற துடுப்பு மாட்டி இறங்கவும், திரும்ப ஏறித் தலை எண்ணவும் ஆகிற நேரத்தைக் கழித்துப் பாருங்கள், டூர் நேரத்தில் நீருக்குள் இருப்பது எவ்வளவு என்று தெரியும்.

செயின்ட் தாமஸில் எங்கள் படகில் பயணிகள் ஆறு பேர், கேப்டன், அவருடைய உதவியாளராக ஒரு பெண். அந்தப் பெண் மனைவியோடு கூடவே இறங்கினார். முதலில் ஏணியைப் பிடித்துக்கொண்டே முகத்தை மட்டும் நீரில் வைத்து இருபது முறை மூச்சு விடச் சொன்னார். பிறகு கக்கத்துக்கு அடியில் ஃபோம் நூடுல் என்கிற நீள மிதவை ஒன்றைச் செருகி, கயிறு கட்டிய வட்ட மிதவை ஒன்றைக் கையில் கொடுத்து, கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு மெதுவாக இழுத்துப்போனார். "ஏங்க, கால் கீழ தட்டவே இல்ல" என்று முதலில் ஒரு அலறல். கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், அவருக்கு நேர் கீழே ஒரு பச்சை ஆமை புல் மேய்ந்துகொண்டிருக்கிறது, இவர் அசையாமல் மிதக்கிறார். ஆமை மூச்சு வாங்க மேலே வந்தது, ஒரு கை தூரத்தில் மூக்கை நீட்டியது, திரும்ப இறங்கியது. தொடக் கூடாது, அது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். இதையும் அந்தப் பெண் இறங்கும் முன்பே சொல்லியிருந்தார்.

சின்னப் படகின் இன்னொரு பலன் மாஸ்க். பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டாமல், முகத்துக்குப் பார்த்துப் பொருத்துகிறார்கள். எனக்கு மீசை. மாஸ்கின் கீழ் விளிம்பு மீசைமேல் உட்கார்ந்தால் முடி வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கேப்டன் ஒரு சின்ன டப்பாவிலிருந்து சிலிகான் கிரீஸ் எடுத்து மூக்குக்கு அடியில் ஒரு கோடு தடவிவிட்டார், கசிவு நின்றது. கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவையுங்கள். அது இல்லாமல் இறங்கினால் ஆமையும் பாறையும் ஒன்றுதான்.

இனி எல்லாரும் பயப்படுகிற விஷயம்: கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமே? சொந்த ஏற்பாட்டில் போனால் கப்பல் காத்திருக்காது, அது உண்மை. அடுத்த தீவுக்கு உங்கள் செலவில்தான் போக வேண்டும். ஆனால் காலை அரை நாள் படகாக எடுத்தால் பன்னிரண்டரை ஒரு மணிக்குள் கரையில் இருப்பீர்கள், அதற்கு மேலும் நாலு மணி நேரம் கையில் இருக்கும். இந்தத் தீவில் இன்னொரு சாதகம் உண்டு. இங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து அடிக்கிறது. படகுகள் போகிற பக் தீவு துறைமுகத்துக்குத் தென்கிழக்கில் இருக்கிறது, செயின்ட் ஜான் கிழக்கே. போகும்போது காற்றை எதிர்த்துப் போராட்டம், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். இன்ஜின் மக்கர் பண்ணினாலும் வீடு திரும்பும் வழி சுலபமான வழி.

குளிர்காலத்தில் உண்மையான சிக்கல் திரும்புவதில் இல்லை, கிளம்புவதில். செயின்ட் தாமஸ் வருடம் முழுக்க ஒரே நேரம், கடிகாரத்தை மாற்றுவதே கிடையாது. கோடையில் அது ஃபுளோரிடா நேரத்தோடு ஒத்துப்போகும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முந்தி இருக்கும். சில கப்பல்கள் தீவு நேரத்துக்கு மாறிக்கொள்ளும், சில கிளம்பிய ஊர் நேரத்திலேயே ஓடும். கேப்டன் எட்டரை என்றால் அது தீவு நேரம். உங்கள் கப்பல் ஃபுளோரிடா நேரத்தில் ஓடினால் அப்போது கப்பலில் மணி ஏழரை, நீங்கள் ஆம்லெட் வரிசையில் நிற்பீர்கள். ஏர்பிளேன் மோடில் இருக்கிற போனை நம்பாதீர்கள். புக் செய்யும்போதே இரண்டு நேரத்தையும் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தத் துறையில் கப்பல் நிற்கும் என்பதையும் பாருங்கள். ஹேவன்சைட், கிரவுன் பே என்று இரண்டு உண்டு. இரண்டுக்குமே பக்கத்தில் நடக்கிற தூரத்தில் மரீனா இருக்கிறது, அங்கிருந்து கிளம்பும் படகாகப் பிடித்தால் நிம்மதி. தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிற ரெட் ஹூக்கிலிருந்து கிளம்பும் படகும் நல்ல படகாகவே இருக்கலாம், ஆனால் டாக்சியில் மலைச்சாலை வளைவுகளையும் டவுன் நெரிசலையும் தாண்ட வேண்டும்.

பக் தீவா, செயின்ட் ஜான் பக்கமா என்றால், அரை நாளுக்குப் பக் தீவு போதும். ஆமை அங்கேதான், மூழ்கிக் கிடக்கிற பழைய சரக்குக் கப்பல் ஒன்றும் உண்டு, தண்ணீர் தெளிவாக இருந்தால் மேலிருந்தே தெரியும். முழு நாள் என்றால் செயின்ட் ஜான் போகிற வழியில் கிறிஸ்துமஸ் கோவ் என்ற சின்ன விரிகுடாப் பக்கம் போகலாம், அங்கே நங்கூரம் போட்ட ஒரு படகிலேயே பீட்சா சுட்டு விற்கிறார்கள், சைவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும். பவளப்பாறைக்காக மட்டும் போகிறவர்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 2019ல் கல்பவளத்தைத் தின்னுகிற ஒரு நோய் செயின்ட் தாமஸில் தென்பட்டு அக்கம்பக்கத் தீவுகளுக்கும் பரவியது, 2023 வெப்பத்தில் பவளங்கள் வெளுத்தும் போயின. மீன்களுக்கும் ஆமைக்கும் குறைவில்லை, ஆனால் பழைய போட்டோக்களில் இருக்கிற நிறத்தைத் தேடாதீர்கள்.

மூன்றாவது வழியை நான் செய்து பார்க்கவில்லை, ஒரே கப்பலில் வந்த நண்பர் குடும்பம் செய்தது. ரெட் ஹூக் வரை பெஞ்சு போட்ட திறந்த டாக்சி, இருபது நிமிட ஃபெரி, அப்புறம் செயின்ட் ஜானில் இன்னொரு டாக்சியில் ட்ரங்க் பே. வெள்ளை மணல், நீருக்கடியில் பெயர்ப்பலகை வைத்த ஸ்நோர்க்கலிங் பாதை. தேசியப் பூங்கா என்பதால் நுழைவுக் கட்டணம் உண்டு. மூன்றிலும் மலிவு இதுதான். சின்னக் குழந்தை இருந்தாலோ, நீந்தவே மாட்டேன், மணலில் உட்காருவேன் என்கிற ஆள் ஒருவர் கூட இருந்தாலோ இதுதான் சரி. ஆனால் பாய் விரித்த படகில் இன்ஜின் சத்தம் நின்று தண்ணீர் கிழியும் சத்தம் மட்டும் கேட்கிற அனுபவம் இதில் கிடையாது. நேரக் கணக்கும் முழுக்க உங்கள் தலையில்.

எனக்குத் தெரிந்தது ஜனவரி கடல் மட்டும்தான். டிசம்பர், ஜனவரியில் காற்று பலமாக இருக்கும், கிறிஸ்துமஸ் காற்று என்றே அதற்குப் பெயர். ஒற்றை உடல் படகு நன்றாகவே சாய்கிறது. என் மகள் அதற்குக் கைதட்டினாள், ஆறில் ஒருவர் போகிற வழியெல்லாம் பக்கெட்டோடு இருந்தார். ஊட்டி பஸ் ஆட்கள் முந்தின இரவே மாத்திரை போட்டுக்கொண்டாலும் சின்னப் படகு தாங்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, அவர்கள் கேட்டமரானுக்கே போகட்டும். இரண்டையும் சேர்த்தாற்போல, கேப்டன் ஒருவரே ஓட்டுகிற ஆறு பேர் கேட்டமரானும் அங்கே கிடைக்கிறது. நாங்கள் தேடியபோது எங்கள் தேதிக்குக் காலி இல்லை. கிடைத்தால் அதை எடுத்துவிடுவேன்.

கேப்டனிடம் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: கப்பல் துறைமுகத்தைத் தவிர்த்தால் முழுப் பணமும் திரும்ப வருமா, எத்தனை பேர் ஏறுவோம், நீச்சல் தெரியாதவரோடு தண்ணீரில் யார் இறங்குவார். மூன்றாவது கேள்விக்கு "எல்லாருக்கும் வெஸ்ட் தருவோம்" என்று பதில் வந்தால் அடுத்த படகைப் பாருங்கள். அது கேள்விக்குப் பதில் இல்லை.

சன்ஸ்கிரீன் விஷயம் ஒன்று. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரிலீன் இருக்கிற சன்ஸ்கிரீனை யு.எஸ். விர்ஜின் தீவுகள் 2020லிருந்து தடை செய்திருக்கிறது. ஜிங்க் ஆக்ஸைடு போட்டதை வீட்டிலிருந்தே வாங்கிப் போங்கள், அல்லது ரேஷ்கார்டு என்கிற முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிடுங்கள். சட்டை முதுகைக் காப்பாற்றிவிடும். குப்புற மிதக்கும்போது வெயிலில் இன்னொன்றும் கிடக்கிறது, முட்டிக்குப் பின்னாலிருந்து கெண்டைக்கால் வரை. அங்கே யாரும் தடவுவதில்லை.