கொதிகலனை மாற்றுவதா, புடைப்போடு நிறுத்துவதா: வார்ஸ்பைட்டும் பார்ஹாமும்

ஒரே வகையைச் சேர்ந்த, 1915இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த இவ்விரு போர்க்கப்பல்களில் ஒன்றை மாதிரிக் கப்பலாகக் கட்டத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, நான் வார்ஸ்பைட்டை எடுத்துக்கொண்டேன். அதன் தோற்றத்தைவிட எடைக் கணக்குதான் என்னை ஈர்த்தது.

பார்ஹாமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1930களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் அதன் இரு பக்கங்களிலும் டார்பிடோவைத் தாங்கும் புடைப்புகள், அதாவது கப்பலின் உடலுக்கு வெளியே ஒட்டிய அறைகள், அமைக்கப்பட்டன. இரு புகைபோக்கிகள் ஒன்றாயின. வெடிமருந்து அறைகளுக்கு மேலே கவசம் கூடியது. கீழே இருந்த 24 பழைய கொதிகலன்களை எவரும் தொடவில்லை. ஆகவே எடை கூடியதே தவிர எதுவும் பெரிதாகக் கழியவில்லை. வேகமும் சற்றுக் குறைந்தது.

1934 முதல் 1937 வரை நடந்த வார்ஸ்பைட்டின் சீரமைப்பு வேறு தரத்தது. 24 கொதிகலன்களின் இடத்தில் ஆறு வந்தன. புதிய டர்பைன்களும் சேர்ந்ததில் ஏறக்குறைய 1,500 டன் மிச்சமானது. முழு வேகத்தை ஒட்டிய ஓட்டத்தில் மணிக்கு 41 டன்னாக இருந்த எரிபொருள் செலவு 27 டன்னாக இறங்கியது. பீரங்கிகளின் ஏற்றக் கோணம் 20 பாகையிலிருந்து 30 ஆக உயர்த்தப்பட்டது. 1940 ஜூலை 9 அன்று ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் ஜூலியோ சேசரே கப்பலை அதன் குண்டு தாக்கியதற்கு, கூடிய எட்டுதூரமும் புதிய குறிபார்க்கும் கருவிகளும் துணைநின்றன.

ஆனால் எடை குறைந்ததாலேயே கப்பல் நிலைபெற்றுவிடும் என்று எண்ணக் கூடாது. எவ்வளவு எடை என்பதைவிட அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். கொதிகலன்கள் கப்பலின் அடிவயிற்றில் இருப்பவை. அவற்றை இலகுவாக்கி, மிச்சத்தைத் தளக் கவசமாக மேலே ஏற்றினால் மொத்த எடை மாறாதபோதும் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் வலு குறைகிறது. மேலே இருந்த கனத்த கட்டளைக் கோபுரத்தை (போரில் கப்பலை இயக்கக் கவசமிட்ட அறை) அகற்றியது இதற்கு ஓரளவு ஈடானது. பெரிய ஈடு வார்ஸ்பைட்டில் 1920களிலேயே பொருத்தியிருந்த புடைப்புகள். நீர்மட்ட அகலம் பத்தில் ஒரு பங்கு கூடினால், நிமிர்த்தும் வலுவுக்கு அடிப்படையான நீர்மட்டப் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன் (அந்தப் பரப்பு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு) மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, ஏனெனில் அங்கே அகலம் கன மடங்கில் வேலை செய்கிறது. இதைக் காகிதத்தில் மட்டும் நம்பாமல் சாய்வுச் சோதனையும் செய்வார்கள்: அளந்த எடைகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, தொங்கவிட்ட தூக்குநூல் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பார்கள்.

புடைப்புக்கும் விலை உண்டு. நிமிர்த்தும் வலு மிகுந்தால் கப்பல் வெடுக்வெடுக்கென்று உருண்டு பீரங்கிக் குறியைக் கெடுக்கும். கடலில் இது எவ்வளவு தொல்லை தரும் என்பது எனக்கு ஏட்டறிவுதான். பார்ஹாம் 1941 நவம்பரில் மூன்று டார்பிடோக்கள் பாய்ந்து சில நிமிடங்களில் கவிழ்ந்ததையும் அதன் அரைகுறைச் சீரமைப்பின் மேல் சுமத்தமாட்டேன். அத்தகைய அடியை வார்ஸ்பைட்டும் தாங்கியிருக்குமா என்பது ஐயமே.

வார்ஸ்பைட் வழியின் உண்மையான குறை காலம். மூன்று ஆண்டுகள் ஒரு முதன்மைக் கப்பலைப் பணியிலிருந்து விலக்கிவைக்க அமைதிக் காலம் வேண்டும். ஆண்டுதோறும் எடை ஏறி, பின்தளம் அலையில் நனைந்துகொண்டிருந்த ஹூட் கப்பலுக்கும் 1941இல் பெரிய சீரமைப்பு திட்டமிடப்பட்டிருந்தது. 1939இல் போர் மூண்டபின் அந்தக் கப்பலைப் பணியிலிருந்து விட்டுக்கொடுக்கக் கடற்படையால் இயலவில்லை.