கையால் மாற்றுவதா, வால்வில் விடுவதா: பொது எச்பிஎல்சியில் பிரிகுழாய்கள்

கரைசலில் கலந்திருக்கும் பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி ஒன்றை நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஆய்வகத்தில், அந்தப் பிரிப்பு நடக்கும் பிரிகுழாய்களை வைத்துக்கொள்ள இரண்டு வழி உண்டு. வேலை முடிந்ததும் கழுவிக் கழற்றி, இரு முனைக்கும் மூடி போட்டு இழுப்பறையில் வைக்கலாம். அல்லது குழாய்களைச் சூடாக வைக்கும் ஓவனுக்குள் ஆறு இட வால்வு பொருத்தி, எல்லாவற்றையும் அதிலேயே மாட்டிவிட்டு மென்பொருளில் தேர்ந்தெடுக்கலாம். வால்வு வசதிதான், மறுப்பதற்கில்லை. அதையே சேமிப்பு அலமாரியாகவும் நினைத்துவிடும்போதுதான் குழாய்கள் கெடுகின்றன.

கையால் மாற்றுவதில் பலவீனம் ஃபிட்டிங்கில் இருக்கிறது. கசிவை அடைக்கும் ஸ்டீல் வளையமான ஃபெரூலை ஒருமுறை இறுக்கிவிட்டால், அந்தக் குழாயின் வாய் ஆழத்துக்கே அது கேப்பிலரி என்ற மெல்லிய இணைப்புக் குழலில் பதிந்துவிடும். ஆழமோ தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்: வாட்டர்ஸ் வகையில் 0.130 அங்குலம், பார்க்கர் வகையில் 0.090 அங்குலம். 0.090-க்குப் பதிந்ததை 0.130 வாயில் செருகினால் ஒரு சொட்டும் கசியாது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நுனிக்கு முன்னால் 1 மி.மீ. வெற்றிடம் நிற்கும். மாதிரி அங்கே கலந்து, வரைபடத்தில் முகடுகள் வால் விடும், சில நேரம் இரண்டாகப் பிளக்கும். முதலில் வெளிவரும் முகடுகளில் இது அதிகம் தெரியும். மாற்றிச் செருகினால் ஃபெரூல் உட்காராமல் ஒழுகும். 400 பார் வரை, கையால் இறுக்கும் பீக் பிளாஸ்டிக் ஃபிட்டிங் போதும்; ஒவ்வொரு முறையும் தளர்த்தி, கேப்பிலரியை அடி தட்டும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். அதைவிட உயர்ந்த யுஎச்பிஎல்சி அழுத்தங்களுக்கு ஸ்பிரிங் வைத்த ஃபிட்டிங் வாங்குவதே நல்லது.

வால்வில் இந்தத் தொல்லை இல்லை. இரவோடு இரவாக நான்கு குழாய்களில் ஒரே மாதிரியை ஓட்டிப் பார்க்கவும் முடியும். விலையாகக் கூடுதல் கொள்ளளவு சேர்கிறது: 0.17 மி.மீ. உள்விட்டக் கேப்பிலரி 30 செ.மீ.க்கு சுமார் 7 மைக்ரோலிட்டர் பிடிக்கும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் 14. 4.6 × 250 மி.மீ. குழாயின் வெற்றுக் கொள்ளளவு (உள்ளே திரவம் நிற்கும் இடம்) 2.5 மி.லி., அங்கே இது பொருட்டில்லை. 2.1 × 50 மி.மீ. குழாயில் அது 0.1 மி.லி. தான், முகடு அகலும். 0.12 மி.மீ. கேப்பிலரி போட்டால் பாதியாகும்.

பெரிய ஆபத்து, பாதையில் தங்கிய திரவம். முன்னவர் பாஸ்பேட் பஃபர் (உப்புக் கரைசல்) விட்டுப்போன பாதையில் அடுத்தவர் 90% அசிட்டோநைட்ரைல் அனுப்பினால் உப்பு படியும்; வால்வுக்குள் சுழலும் ரோட்டர் சீல் கீறும், குழாயின் வாயிலுள்ள வடிகட்டியான ஃபிரிட் அடைபடும். ஆறில் ஓர் இடத்தில் வெறும் கேப்பிலரியை மாட்டி பைபாஸாக விடுங்கள். ஐந்து குழாய்தான் மாட்ட முடியும் என்ற முணுமுணுப்பு வரும், பொருட்படுத்த வேண்டாம். பைபாஸில் முதலில் பஃபர் இல்லாத நீர்–கரைப்பான் கலவை, பிறகு புதிய மொபைல் ஃபேஸ் (அடுத்த ஓட்டத்துக்கான திரவம்), ஒவ்வொன்றும் 1 மி.லி./நிமிடத்தில் ஐந்து நிமிடம். அதன் பின்பே குழாயைத் தேர்ந்து, 0.2 மி.லி.யில் தொடங்கி ஓட்டத்தை ஏற்றுங்கள். நீரோடு கலக்காத ஹெக்சேன் பயன்படுத்தும் சிலிக்கா குழாயை இந்த வால்வில் மாட்டவே வேண்டாம்.

இன்னொன்று, ஓவன் சும்மா நிற்கும் குழாய்களையும் சேர்த்தே சுடும். ஒருவர் 60 டிகிரியில் ஓட்ட, பக்கத்தில் டிஎஃப்ஏ அமிலம் கலந்த திரவத்துடன் நிற்கும் சி18 குழாயில் சிலிக்கா மீது பிணைந்த 18 கார்பன் சங்கிலி அடுக்கு மெல்ல அறுபடும்.

ஆக, எந்த வழியானாலும் கழுவாமல் தப்ப முடியாது. 4.6 × 150 மி.மீ. சி18-க்கு, ஓட்டிய அதே நீர்–கரைப்பான் விகிதத்தில் பஃபர் இல்லாத கலவை 15 மி.லி., பின் 70% அசிட்டோநைட்ரைல் 15 மி.லி.; மொத்தம் அரை மணி. இந்த அரை மணியை முன்னவரின் முன்பதிவிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் யாரும் கழுவமாட்டார்கள். வெறும் நீரில் வைத்தால் பாக்டீரியா வளரும். நீரில் எளிதில் கரையும் பொருட்களைப் பிரிக்கும் ஹிலிக் குழாய்க்கு 95% அசிட்டோநைட்ரைல். புரதங்களை அளவுப்படி பிரிக்கும் குழாய்க்குத் தயாரிப்பாளர் ஏட்டில் சொன்னதுதான், பெரும்பாலும் 20% எத்தனால். மின்னூட்டமுள்ள பொருட்களைக் குழாயில் தங்கவைக்கச் சேர்க்கும் அயனி-இணைக் காரணி ஒருமுறை ஏறிய குழாய் அந்த முறைக்கே சொந்தம், அது முழுதாகக் கழுவப்படாது.

ஃபார்மேட் பஃபரில் ஓடும் இரண்டு மூன்று ரிவர்ஸ் ஃபேஸ் முறைகள் (சி18 போன்ற குழாய்களில் ஓடுபவை) மட்டும் இருந்தால் வால்வு வாங்கலாம். பாஸ்பேட், அயனி-இணை, ஹிலிக் என்று ஆளுக்கொன்று ஓட்டும் இடத்தில் இழுப்பறைதான் சரி. குழாயில் கட்டும் சீட்டில் சேமித்த கரைப்பான், தேதி, அதே கரைப்பானில் 1 மி.லி./நிமிடத்தில் காட்டிய அழுத்தம் மூன்றும் இருக்கட்டும். அடுத்தவர் மாட்டியதும் அழுத்தம் ஒன்றரை மடங்கு காட்டினால், மாதிரி போடும் முன்பே அடைப்பைத் தேடலாம்.