ஆடிய கைப்பிடி, ஆடாத ஐந்து வருடங்கள்

என் காரின் ஓட்டுநர் பக்கக் கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி ஏறத்தாழ ஒன்றரை வருடம் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று முறை சரிசெய்தேன். மூன்று முறையும் சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. நான்காவதாக 2020 ஏப்ரலில் செய்த வேலை, ஐந்து வருடங்களும் சுமார் 14,000 மைலும் கடந்த பிறகும் அசையவில்லை. ஒவ்வொரு வேலையும் முடிந்த அன்றே எழுதியிருந்தால் முதல் மூன்றையும் புகழ்ந்து தள்ளியிருப்பேன். அந்தக் கூச்சத்தில்தான் இவ்வளவு காலம் வாயைத் திறக்கவில்லை.

கார் 1991இல் ஜப்பானில் செய்தது. மடக்கும் துணிக் கூரை, இரண்டே இருக்கைகள், பின்சக்கர இயக்கம். 2017இல் பழையதாக வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே இழுக்க விரும்பவில்லை. முப்பது வயதான பிளாஸ்டிக் யார் செய்த காரில் இருந்தாலும் முறுக்கைப் போல நொறுங்கத்தான் செய்யும். லண்டனின் வடமேற்கே ஹாரோவில் குடியிருக்கிறோம். கார் நிற்பது வீட்டு வாசலில், மழையிலும் பனியிலும்.

கைப்பிடி பார்ப்பதற்கு அழகானது. கதவின் உள் அட்டையில் ஒரு நீள்வட்டக் கிண்ணம், அதற்குள் விரலை விட்டு இழுக்க ஒரு சிறு நெம்பு. கிண்ணத்தின் அடியில் ஒரே ஒரு திருகு. அந்தத் திருகு இரும்பில் இறங்கியிருக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கதவின் உள்தகட்டில் ஒரு சதுர ஓட்டை, ஓட்டையில் அழுத்திச் செருகிய பட்டாணி அளவு வெள்ளை நைலான் குமிழ், அந்தக் குமிழைத்தான் திருகு கவ்விக்கொண்டிருந்தது. கிண்ணத்தின் மறுமுனையில் உள்ள நாக்கு தகட்டின் பிளவு ஒன்றில் மாட்டிக்கொள்கிறது. பிடிமானம் அவ்வளவே. நெம்பின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய கம்பி கதவின் பின்விளிம்பில் உள்ள பூட்டுக்குப் போகிறது.

குமிழ் பிடிவிட்டால், நெம்பை இழுக்கும்போது கிண்ணமும் கூடவே வருகிறது. விரல் இழுக்கும் தூரத்தில் பாதியைக் கிண்ணமே தின்றுவிடுகிறது. மீதி இழுப்பு கம்பிக்குப் போதாது, பூட்டு விடுவதில்லை. ஆட்டம் சிறிதாக இருந்தவரை இரண்டாவது இழுப்பில் திறந்தது. 2018 டிசம்பரில், ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில், எத்தனையாவது இழுப்பிலும் திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, மழையில் கையை வெளியே நீட்டி, வெளிக்கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினேன். பக்கத்துக் காரில் இருந்த சிறுவன் தன் தாயைத் தட்டிக் கூப்பிட்டு என்னைக் காட்டினான்.

இது வெறும் மானப் பிரச்சினையும் இல்லை. பிரிட்டனில் மூன்று வயதைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்ஓடி என்னும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். முன்கதவுகள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கின்றனவா என்பதை அதில் பார்ப்பார்கள். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு நாற்பது வயதானால் விலக்கு உண்டு. என்னுடையதற்கு அந்தச் சலுகை கிடைக்க 2031 வரை காத்திருக்க வேண்டும்.

முதல் முயற்சியிலேயே திருகின் தலையைக் கெடுத்தேன். பழைய ஜப்பானியக் கார்களில் இருக்கும் கூட்டல் குறித் திருகுகள் நாம் வழக்கமாகக் காணும் பிலிப்ஸ் வகை இல்லை. ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தரத்தில் செய்தவை. தலையில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். பிலிப்ஸ் திருப்புளியும் அதில் பொருந்துவது போலவே இருக்கும். ஆனால் அழுத்தித் திருகினால் வழுக்கி மேலேறி, பள்ளத்தின் ஓரங்களை வழித்துவிடும். பிறகு வாங்கிய ஜேஐஎஸ் திருப்புளி, இந்தக் கதை முழுவதிலும் நான் வருந்தாமல் செலவழித்த முதல் காசு.

குமிழைச் சுற்றி உடனே ஒட்டும் பசையை விட்டேன். நான்கு மாதம் தாங்கியது. பசையின் ஆவி படிந்து, கிண்ணத்தின் கறுப்பு ஓரத்தில் திருநீறு பூசியது போல ஒரு வெண்படலம் மட்டும் நிலைத்துவிட்டது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “பழுது பார்த்தீர்களா, பூசை செய்தீர்களா?” என்று கேட்டார்.

இரண்டாவது முறை இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசை. உடைந்த குமிழின் இண்டு இடுக்கெல்லாம் நிரப்பினேன். எபாக்ஸி தானாகக் கல்போல இறுகியது, குறையில்லை. ஆனால் வழவழப்பான நைலானை அது உறுதியாகப் பற்றுவதில்லை. 2019 கோடையின் முடிவில் கழற்றியபோது, குமிழின் அச்சு அப்படியே பதிந்த எபாக்ஸித் துண்டு பல்லைப் பிடுங்கியது போல முழுதாகக் கையோடு வந்தது.

மூன்றாவது முயற்சியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கழிவுக் கார்கள் உடைக்கும் இடத்தில் அதே மாதிரிக் காரின் கிண்ணத்தையும் குமிழையும் வாங்கி மாட்டினேன். முப்பது வயதுப் பொருளுக்கு மாற்றாக இன்னொரு முப்பது வயதுப் பொருள்! அது போதாதென்று, திருகு இனி தளரவே கூடாது என்று மரையில் நீல நிறப் பூட்டுப்பசையைத் தடவினேன். உலோக மரைகளுக்கு நடுவே, காற்றுப் படாத இடத்தில் இறுகும் பசை அது. பிளாஸ்டிக்கில் ஒழுங்காக இறுகாது. ஏபிஎஸ் போன்ற சில பிளாஸ்டிக்குகளில் பட்டால், அழுத்தத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து விரிசல் விடும். ஒரு வாரத்தில் திருகுத் துளையிலிருந்து கிண்ணத்தின் விளிம்புவரை மயிரிழைபோல ஒரு கோடு ஓடியிருந்தது. பசைக் குப்பியின் சீட்டில் எச்சரிக்கை தெளிவாகவே அச்சிட்டிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பிறகுதான் படித்தேன்.

வழி காட்டியவர் எங்கள் பகுதியில் கார் பழுது பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். 2020 ஜனவரியில் வேறு வேலைக்காகக் காரைக் கொண்டு போயிருந்தேன். விரிசல் விட்ட கிண்ணத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கதவை இரண்டு முறை வெளியிலிருந்து திறந்து மூடினார். “தம்பி, கைப்பிடியை விடும், பூட்டைப் பாரும். வெளிக்கைப்பிடியும் இறுக்கமாகத்தானே இருக்கிறது?” என்றார்.

இருந்தது. மூன்று வருடம் தினமும் தொட்ட கைப்பிடி, அதன் இறுக்கம் எனக்கு உறைக்கவே இல்லை. பூட்டுக்குள் முப்பது வருடத்துத் தூசியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து தார்போல ஆகியிருந்தன. குளிரில் இன்னும் கெட்டிப்படும். கைப்பிடி டிசம்பரில் கைவிட்டதன் காரணமும் அதுதான். ஒவ்வொரு முறையும் அந்தத் தாரை மீறிப் பூட்டை விடுவிக்கும் பாரம் முழுவதையும் பட்டாணிக் குமிழ்தான் தாங்கியிருக்கிறது. நான் குமிழை மாற்றி மாற்றிப் பலி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு பாரம் என்று பார்க்க ஆசை வந்தது. ஊருக்குப் போகும் முன் பெட்டியை நிறுத்துப் பார்க்கும் தொங்குதராசு இல்லாத தமிழ் வீடு இங்கே குறைவு. அதன் கொக்கியை நெம்பில் மாட்டி இழுத்தேன். 7.5 கிலோ காட்டியபோதுதான் பூட்டு விட்டது. கதவு அட்டையைக் கழற்றிப் பூட்டை மண்ணெண்ணெய் நனைத்த தூரிகையால் கழுவி, துடைத்து உலர்த்தி, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்த பிறகு அதே தராசு 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. கைப்பிடியில் இன்னும் கையே வைக்கவில்லை, வேலை பாதி முடிந்துவிட்டது.

மார்ச் கடைசியில் பொதுமுடக்கம் வந்தது. நேரத்துக்குப் பஞ்சமில்லை. குமிழைத் தூக்கி எறிந்துவிட்டு, 40 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் இரும்புத் தகட்டை வெட்டினேன். அலுமினியம் வெட்ட எளிது. ஆனால் ஈரத்தில் இரும்போடு ஒட்டிக் கிடந்தால் அரிக்கும், ஆகவே வேண்டாம் என்று விட்டேன். தகட்டின் நடுவில் 7 மில்லிமீட்டர் துளை போட்டு எம்5 அளவு (5 மில்லிமீட்டர் திருகுக்கான) ரிவெட் நட்டு ஒன்றைப் பதித்தேன்; துளையில் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும், உள்ளே மரை உள்ள சிறு குழல் அது. கதவின் பெரிய திறப்பு வழியாகத் தகட்டை உள்ளே விட்டு, நட்டு சதுர ஓட்டைக்கு நேராக வரும்படி நிறுத்தி, இரண்டு சிறு ரிவெட்டுகளால் உள்தகட்டோடு பிணைத்தேன். துளையிடும் முன் கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றினேன்; டிரில் முனையிலும் 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாதபடி நாடா சுற்றினேன். வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் துத்தநாகப் பூச்சு. விரிசல் விட்ட கிண்ணத்தின் பின்புறம், திருகுக்கு அடியில், அகலமான வாஷர் ஒன்று. இழுப்பு இப்போது ஒரு புள்ளியில் விழாமல் தகடு முழுவதிலும் பரவுகிறது.

மாட்டும்போது ஒரு தப்பு நடந்தது. கிண்ணத்தைப் பொருத்தும் பிளவு கொஞ்சம் நீளமானது, முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் நகர்த்தலாம். துளி ஆட்டமும் கூடாது என்ற வெறியில் கம்பி விறைக்கும்வரை தள்ளி இறுக்கிவிட்டேன். கைப்பிடி கல்போல நின்றது. கதவுதான் மூடவில்லை. கம்பி எந்நேரமும் பூட்டை இழுத்துக்கொண்டிருந்ததால் அது முழுதாகக் கவ்வாமல் பாதியில் நின்றது. அப்படியே சாலையில் இறங்கியிருந்தால் வளைவில் கதவு திறந்திருக்கும். நெம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா நகர்ந்த பிறகே கம்பி இழுபட வேண்டும். இதைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சோதிக்கலாம்: திருப்புளித் தண்டால், பூட்டில் கவ்விப் பிடிக்கும் உறுப்பான கவையை மூடும் திசையில் தள்ளினால் இரண்டு முறை ‘டக்’ என்று விழ வேண்டும், பிறகு நெம்பை இழுத்தால் கவை விடுபட வேண்டும். இது சரியாக நடந்த பிறகுதான் கதவை மூடலாம்.

கதவுக்குள் ஒட்டியிருக்கும் பாலித்தீன் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள் ஓடி அடித்துளைகளால் வெளியேறுகிறது. அது அட்டைப் பக்கம் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். இதைக் கிழித்து எறிந்தவர்களின் கதவு அட்டைகள் நனைந்து ஊறி, தோசைக்கல்லில் கிடந்த அப்பளம்போல வளைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய கறுப்புப் பசை மிஞ்சியிருந்தால் லேசாகச் சூடுகாட்டி அதே தாளைத் திரும்ப ஒட்டலாம். என்னுடையது ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கெட்டிப் பாலித்தீனில் புதிதாக வெட்டி, பியூட்டைல் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவால் ஒட்டினேன். அடித்துளைகளில் அடைத்திருந்த இலைக் குப்பையையும் கம்பியால் குத்தி எடுத்தேன். ஒரு கைப்பிடி அளவு வந்தது.

பிறகு ஐந்து வருடங்கள். திருகை மறுபடி இறுக்கியது ஒரே ஒரு முறை, முதல் குளிர்காலம் முடிந்த பிறகு, கால் சுற்றுக்கும் குறைவாக. பூட்டுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பரில், புது கிரீஸ். தொங்குதராசைப் பழக்கத்தில் வருடாவருடம் மாட்டிப் பார்க்கிறேன். 2022இல் கிரீஸ் வைக்க மறந்தேன், 4 கிலோவைத் தாண்டியது, வைத்ததும் இறங்கியது. கிண்ணத்தின் விரிசல் வளரவில்லை, மறையவும் இல்லை. வெயில் சாய்ந்து விழும்போது எனக்கு மட்டும் தெரிகிறது. குறை என்றால் ஒன்று: கரடுமுரடான சாலையில், வெயில் நாட்களில், அந்தப் பக்கம் மெல்லிய ‘கிரீச்’ ஒலி. வாஷருக்கும் கிண்ணத்துக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வைத்திருந்தால் வந்திருக்காது. அதற்காக அட்டையை மறுபடி கழற்றும் உற்சாகம் இன்னும் வரவில்லை.

செலவு அதிகமில்லை. இரும்புத் தகடு வீட்டில் கிடந்தது. ரிவெட் நட்டைப் பதிக்கும் கைக்கருவிதான் விலை கூடுதல். ஒரே ஒரு நட்டுக்காக அதை வாங்குவதில் அர்த்தமில்லை, யாரிடமாவது இரவல் கேளுங்கள். நான் வாங்கினேன். அன்றுமுதல் அதற்கு வேலை தேடி வீட்டில் துளை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது என் மனைவியின் புகார்.

பயணி பக்கக் கைப்பிடி இன்றும் 1991இன் நைலான் குமிழில்தான் நிற்கிறது. அந்தப் பூட்டையும் 2020இலேயே கழுவி கிரீஸ் வைத்துவிட்டேன். அதற்கான தகட்டையும் அன்றே சேர்த்து வெட்டி நட்டுப் பதித்துவிட்டேன். கையுறைப் பெட்டிக்குள் ஒரு பழைய காலுறையில் சுற்றி வைத்திருக்கிறேன். போன மாதச் சோதனையில் எம்ஓடி பரிசோதகர் இரண்டு கைப்பிடிகளையும் ஆளுக்கு ஒரு நொடி இழுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டயர்களைப் பார்க்கப் போனார்.