புளூடூத்தா, ரேடியோ ரிமோட்டா?

திருகோணமலையில் பிள்ளைகளும் பெரியவர்களுமாகச் சேர்ந்து ரோபோ செய்ய உட்காரும் குழுவில் முதல் இழுபறி இதுதான்: எதை வைத்து ஓட்டுவது?

செலவு
புளூடூத்: எச்.சி-05 மொடியூல் (ரோபோவில் பொருத்தும் சின்னப் புளூடூத் பலகை) ஒன்று, ஆன்ட்ராய்ட் போன் ஒன்று. ஐபோன் இதோடு சேராது.
ரேடியோ: கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர், ரோபோவில் பொருத்தும் ரிசீவர் இரண்டும் வாங்க வேண்டும். விலை பல மடங்கு.

தூரம்
புளூடூத்: சுமார் 10 மீட்டர்.
ரேடியோ: 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் திறந்த வெளியில் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும்.

கற்பது
இதில் என் வாக்கு புளூடூத்துக்கே. போனில் பொத்தானை அழுத்தினால் ஓர் எழுத்து போகும். ரோபோவின் மூளையான ஆர்டுயினோ பலகை அதை வாசித்து மோட்டரைச் சுழற்றும். பிள்ளைகள் முழு வழியையும் கண்ணால் பார்க்கலாம். ஆனால் மொடியூலின் ஆர்எக்ஸ் (தரவை வாங்கும்) காலுக்கு 3.3 வோல்ட்தான். 5 வோல்ட் ஆர்டுயினோ என்றால் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் இறக்கிக் கொடுங்கள்.

தொடர்பு அறுந்தால்
புளூடூத்: கடைசிக் கட்டளையோடு ஓடிக்கொண்டே இருக்கும். போன் கட்டளையை விடாமல் அனுப்பட்டும். அரை விநாடி வராவிட்டால் நிற்கும்படி நிரலில் எழுதுங்கள்.
ரேடியோ: பல ரிசீவர்களில் ஃபெயில்சேஃப், அதாவது தொடர்பு அறுந்தால் ரோபோவை நிறுத்தும்படி அமைக்கக்கூடிய வசதி, உண்டு. சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சோதியுங்கள்.

உப்புக்காற்று இரண்டின் இணைப்புகளையும் அரிக்கும்.

மண்டபத்துக்குள் பழக, முதல் ரோபோவுக்கு, புளூடூத். உப்புவெளிக் கடற்கரை மணலில் ஓட்டுவதென்றால் காசு சேர்த்து ரேடியோ வாங்குங்கள்.