“அக்கா, பின்னாடி எல்லா சாக்கெட்டும் இருக்கு” – 38,500 ரூபாய் போன கதை

நேத்து சாயங்காலம் அந்தக் கடைப் படி இறங்கினதுலேர்ந்து கோபம் அடங்கலை. கடைப் பேர் போட வேண்டாம்னு வக்கீலுக்குப் படிக்கிற தம்பி சொல்லிட்டான். அண்ணா சாலையை ஒட்டின ஒரு சந்துல, மாடியில, ஆம்ப்ளிஃபையரை அவங்களே அசெம்பிள் பண்ணி ஸ்பீக்கரோட சேர்த்து விக்கிற கடை. அவ்வளவுதான் சொல்வேன். ஸ்டீரியோ வாங்கப்போறவங்க கவனிக்க வேண்டிய பத்து விஷயத்தையும் கடைசியில சொல்றேன்.

பையன் மிருதங்கம் கத்துக்கறான். போன் ஸ்பீக்கர்ல தனி ஆவர்த்தனம் கேட்டா வலப்பக்கத்து வலந்தலை மட்டும் டக்கு டக்குன்னு கேக்கும், கனமாச் சத்தம் வர்ற இடப்பக்கத்துத் தொப்பி இருக்கிற இடமே தெரியாது. சரி, ஒரு நல்ல ஸ்டீரியோ வாங்கலாம்னு கிளம்பினேன். ஒரேயடியா எல்லாம் வாங்கக் காசு இல்லை. இப்போ ஒரு ஆம்ப், ரெண்டு ஸ்பீக்கர். அடுத்த தீபாவளிக்கு ஒரு சப்வூஃபர், அதான் கனத்த அடிச் சத்தத்துக்குன்னே இருக்கிற தனிப் பெட்டி. பரண்ல மாமனாரோட எல்பி அறுபது சொச்சம் கிடக்கு, அவரோட ரெக்கார்ட் ப்ளேயரைச் சரி பண்ணி மாட்டணும். எப்பவாவது கை வந்தா பெரிய பவர் ஆம்ப். இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதியே எடுத்துட்டுப் போனேன்.

அந்தப் பேப்பர்தான் வினை. கடைக்காரன் அதை வாங்கி நிதானமாப் படிச்சான். “இவ்வளவு தெளிவா யாருக்கா வர்றாங்க?”ன்னான். ஆம்ப்பைத் திருப்பி வெச்சு ஒவ்வொரு சாக்கெட்டா விரல் வெச்சுக் காட்டினான். போனோ, ரெக்கார்ட் ப்ளேயருக்கு. சப் அவுட், தீபாவளிக்கு. ப்ரீ அவுட், பெரிய ஆம்ப்புக்கு. “அக்கா, பின்னாடி எல்லா சாக்கெட்டும் இருக்கு. பத்து வருஷத்துக்கு இதை மாத்தவே வேணாம்.” பையனோட பென் டிரைவை வாங்கித் தனி ஆவர்த்தனம் போட்டான். தொப்பியில விழுந்த அடி என் நாற்காலிக் கால் வழியா ஏறிச்சு. பையன் திரும்பி என்னைப் பார்த்தான். அதுக்கப்புறம் நான் எங்க யோசிக்கிறது? நடுவுல ஏலக்காய் டீ வேற.

38,500 ரூபாய், அங்கேயே யூபிஐல அனுப்பினேன். பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில்லுன்னா இன்னும் ஏறும்க்கா, உங்களுக்காகத்தான்” அப்படீன்னு எஸ்டிமேட்னு அச்சடிச்ச துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தான். அப்போ அது எனக்கு உபகாரமாப் பட்டுது, பாருங்க.

வீட்டுல வெச்சா தொப்பியைக் காணோம். போன் பண்ணேன். “புது ஸ்பீக்கர்க்கா, நூறு மணி நேரம் ஓடினாத்தான் இளகும்.” ஓட்டினோம். மாமனார் காலையில சுப்ரபாதத்துலேர்ந்து ராத்திரி செய்தி வரைக்கும் ஓட்டினார். மறுபடி போன் பண்ணேன். “உங்க ஹால் பெரிசு மேடம்.” எங்க ஹால்ல நாலு பேர் உக்காந்தா அஞ்சாவது ஆள் வாசப்படியிலதான். மூணாவது தடவை, “இன்ஜினியர் ஊருக்குப் போயிருக்கார் மேடம்.” அப்புறம் வாட்ஸப்ல நீல டிக் மட்டும். அக்கா எப்போ மேடம் ஆனாளோ அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

போன வாரம் ரெக்கார்ட் ப்ளேயருக்கு பெல்ட் மாத்தி வந்துது. போனோவுல சொருகினோம். வால்யூமை முழுக்கத் திருப்பியும் கொசு பாடற மாதிரி கீச்சுன்னு ஒரு சத்தம். தெருமுனையில டிவி ரிப்பேர் பண்ற அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுக் காட்டினார். ரெக்கார்ட் முள்ளுலேர்ந்து வர்றது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தானாம், சிடி ப்ளேயர் குடுக்கிறது 2 வோல்ட் கிட்டவாம். நானூறு மடங்கு வித்தியாசம். அதுவும் ரெக்கார்ட்ல பேஸைக் குறைச்சு, ட்ரெபிளைத் தூக்கித்தான் வெட்டியிருப்பாங்களாம். அதைத் திருப்பிச் சரி பண்ண உள்ள தனியா ஒரு சர்க்யூட் வேணும். எங்க ஆம்ப்ல போனோ சாக்கெட் வயர் நேரா பக்கத்துல சிடி ப்ளேயர் மாதிரி சாதாரண ஐட்டம் மாட்டற ஆக்ஸ் சாக்கெட்டுக்குப் போகுது, அவ்வளவுதான். சப் அவுட்டும் ப்ரீ அவுட்டும் இன்னும் அழகு. வயரே இல்லை. வயரைப் பத்தவைக்கிற காது ரெண்டும் ஈயமே படாம புதுசாப் பளபளன்னு மின்னுது. முன்பக்கம் 100+100 வாட்ஸ்னு ஸ்டிக்கர், உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, அதாவது மொத்தம் 24 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினா அது தாங்கற பவர் மொத்தமே 72 விஏ, அதுலேர்ந்து 200 வாட்ஸ் எப்படிம்மா வரும்னு கேட்டார். நானா குடுத்தேன் ஸ்டிக்கர்?

நேத்து ஆம்ப்பைத் தூக்கிக்கிட்டுப் போனேன். “மூடியைத் தொறந்துட்டீங்க, வாரண்டி கிடையாது.” வயரே இல்லாத சாக்கெட்டுக்கு என்னய்யா வாரண்டின்னு கேட்டா, “ஏம்மா, கடையில கஸ்டமர் இருக்காங்க, கத்தாதீங்க. வேணும்னா 6,000 தரேன், வெச்சுட்டுப் போங்க.” 38,500-க்கு ஆறாயிரம்! நான் கத்திக்கிட்டிருக்கும்போதே பையன் டெமோ சோபாவுக்குப் பின்னாடி போய்த் திரைச்சீலையை விலக்கினான். முட்டி உசரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, சின்ன நீல விளக்கு எரியுது. சப்வூஃபர்.

“அம்மா, தொப்பி இங்க இருக்கு.”

பதினோரு வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலை.

பத்து விஷயம் சொல்றேன்னேன். இப்போ உக்காந்து எழுதத் தெம்பில்லை. பின்பக்கம் இருக்கிற ஒவ்வொரு சாக்கெட்டுலயும் கடையிலேயே எதையாவது மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. சத்தம் எதுலேர்ந்து வருதுன்னு எழுந்து போய்ப் பாருங்க, சோபாவுக்குப் பின்னாடியும். வாட்ஸ் சொன்னா ஆர்எம்எஸ்ஸா (விடாம குடுக்கிற நிஜப் பவர்), எத்தனை ஓம்ஸ் ஸ்பீக்கர்லன்னு கேளுங்க. பிஎம்பிஓன்னு (கண நேர உச்சத்தை ஊதிக் காட்டற கணக்கு) சொன்னா எழுந்து வந்துடுங்க. பில் இல்லாம வாங்காதீங்க, அது எவ்வளவு ஏறினாலும்.

காலையில 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். அங்க குடுக்கறதுக்காக அந்தச் சீட்டை இப்பதான் எடுத்து வெச்சுப் பாக்கறேன். எஸ்டிமேட்னு அச்சு, 38,500, ஒரு கிறுக்கல் கையெழுத்து. கடைப் பேர் அதுலயும் இல்லை.