20 செக்கனுக்குள் குரல் வரவேண்டும்: சப்மிட்ஹப் பற்றி

சப்மிட்ஹப் (SubmitHub) என்பது புதுப் பாட்டுகளை இசை வலைப்பதிவுகளுக்கும் பிளேலிஸ்ட்காரருக்கும் அனுப்பிவைக்கும் இணையச் சேவை. அங்கே காசு கட்டினால் கிடைப்பது ஒன்றுதான்: உங்கள் பாட்டை ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்டவர் அதைப் பற்றி எழுதுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதை விளங்கிக்கொண்டு போகிறவருக்கு இது நல்ல சேவை.

இன்டி ஷஃபிள் என்ற இசைத் தளத்தை நடத்திய ஜேசன் கிரிஷ்கொஃப் 2015இல் தொடங்கியது. பாட்டை அனுப்பக் கிரெடிட் வேண்டும். இலவச கிரெடிட்டில் அனுப்பினால் பதில் சொல்லும் கடப்பாடு பாட்டைப் பெறும் தளக்காரருக்கு இல்லை. காசு கட்டி வாங்கும் பிரீமியம் கிரெடிட் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வரவேண்டும், குறைந்தது 20 செக்கன் கேட்டிருக்க வேண்டும், கருத்துக் கேட்டிருந்தால் 10 சொல்லாவது எழுத வேண்டும். தவறினால் கிரெடிட் திரும்பும். ஒரு கிரெடிட் ஏறக்குறைய 1 டொலர்; ஒரு தளத்துக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 வரை போகும்.

அந்த 20 செக்கனில்தான் எங்கள் திருகோணமலைப் பக்கத்துப் பாட்டுகள் அடிபடுகின்றன. உப்புவெளிக் கடற்கரை அலைச்சத்தம், அதன்மேல் மெல்ல ஒரு வாத்திய ஆலாபனை, 45ஆவது செக்கனில் பறை, குரல் அதற்கும் பிறகு. ஊரில் கேட்பவருக்கு உடம்பு சிலிர்க்கும். வரிசையாகப் பாட்டுகளைத் தட்டிக்கொண்டு போகிறவர் அலையை மட்டும் கேட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடுவார். அலையை 4 செக்கனுக்குக் குறைத்து, 10ஆவது செக்கனுக்குள் குரலைக் கொண்டுவாருங்கள். அந்த வடிவத்தையே சிங்கிளாக விடுங்கள். நீண்டது ஆல்பத்தில் இருக்கட்டும்.

கூட எழுதும் குறிப்பு மூன்று வரி போதும். "எனக்குச் சிறு வயதிலிருந்தே இசை ஆர்வம்" என்பதை வைத்து யாரும் ஒரு பத்தி எழுத முடியாது. "திருகோணமலைத் துறைமுகத்தில் இரவு வேலை பார்த்த அப்பாவைப் பற்றிய தமிழ்ப் பாட்டு, பறையும் சின்தசைசரும்" என்றால் எழுதுபவருக்கு முதல் வரி கையில் கிடைத்துவிடுகிறது. பாடல் வரிகளின் ஆங்கில அர்த்தம், எழுத்து எதுவும் பதியாத அகலவாக்கான படம், நூறு சொல்லில் அறிமுகம் எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையில் போடுங்கள். லிங்க் உள்ளவர் எவரும் பார்க்கலாம் என்று அனுமதியை மாற்றாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. திறந்தால் 'அனுமதி கேள்' என்று வரும். எவரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தெரிவு செய்யும்போது வடிகட்டியில் வலைப்பதிவுகளை மட்டும் வையுங்கள். பிளேலிஸ்ட்காரரும் இன்ஸ்டகிராம்காரரும் அங்கே கலந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஏற்கும் வீதமும், ஏற்றால் என்ன தருவார் என்பதும் இருக்கும். கட்டுரை வேண்டுமென்றால் அதைப் படிக்காமல் கிரெடிட்டைப் போடாதீர்கள். 20 கிரெடிட் வாங்கினால் முதலில் நாலைந்து தளத்துக்கு மட்டும் அனுப்புங்கள். "குரல் உள்ளே அமுங்கிக் கிடக்கிறது" என்று இரண்டு பேர் சொன்னால் மீதியைச் செலவழிக்க முன் மிக்ஸைத் திருத்துங்கள்.

வெளியீட்டுக்கு மூன்று, நான்கு கிழமை முன்னரே, வெளியிடாத பாட்டின் தனி லிங்க்கோடு தொடங்குவது நல்லது. ஸ்பொட்டிஃபையில் பிளேலிஸ்ட்களுக்குப் பாட்டுத் தெரிவு செய்யும் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புவது வேறு வேலை. அதை வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன் செய்ய வேண்டும், அது இலவசம்.

பிரெஞ்சு, ஐரோப்பியத் தளங்கள்தான் குறி என்றால் இதேபோன்ற இன்னொரு சேவையான குரூவர் (Groover) பொருந்தும். 2 யூரோவிலிருந்து தொடங்குகிறது, பதிலுக்கு 7 நாள். எதுவானாலும், உங்கள் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேட்டுவிடுங்கள்.